கலியாணக் கவரில் ஒரு தேர்தல்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் ஹோலில் நடக்காத விசேஷம் இல்லை. கலியாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம், செத்தவருக்கு அந்தியேட்டிச் சாப்பாடு, ஒருமுறை ஒரு நாய்க்குப் பிறந்தநாள்கூட நடந்தது. ஆனால் ஒரு நாட்டின் பொதுத்தேர்தல் இங்கே நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நடத்தியது பெலோரா குடியரசின் தூதரகம். அதைக் கெடுத்தது சந்திரவதனா, அதாவது நான், இந்த ஹோலின் மனேஜர். கெடுத்தது என்பது அவர்களுடைய பேச்சு. நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

பெலோரா ஆபிரிக்கக் கரையோரம் இருக்கிற சின்ன நாடு. உலகப் படத்தில் என் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துவிடும். அங்கே இருப்பது ஒரே ஒரு கட்சி, அதன் சின்னம் சேவல். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வைப்பார்கள். வேட்பாளரும் ஒரே ஆள்தான், அதே பழைய ஜனாதிபதி. சனங்கள் அவரை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லலாம். வேண்டாம் என்று சொன்னவர்களைத் தான் கேள்விப்பட்டதில்லை என்று அந்த நாட்டுக்காரி இசபெல் சொன்னாள்.

இசபெல் எட்டு வருடமாக எங்களோடு வேலை செய்கிறாள். கிழமை நாட்களில் கோலியர்ஸ் வுட்டில் வயதானவர்களைப் பராமரிப்பாள். சனி ஞாயிறில் எங்கள் ஹோலில் பரிமாறுவாள், கழுவுவாள், கூட்டுவாள். குசினிப் பெண்களிடம் பழகி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் பேசும் இங்கிலீஷ் வெள்ளைக்காரனுக்கு விளங்காது, எங்களுக்கு நன்றாக விளங்கும். அவள் சொன்னதை நான் என் தமிழில்தான் இங்கே சொல்கிறேன்.

"அக்கா, வாற மாதம் ரெண்டாம் ஞாயிறு எனக்கு லீவு வேணும். வோட்டுப் போடவேணும்."

"எங்கை போய்?"

"இங்கைதான். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. ஹோல் முதலாளி குகதாசன் அண்ணை தூதரகத்தாரிடம் புக்கிங் எடுத்துவிட்டு, வழக்கம்போல எனக்குச் சொல்ல மறந்திருந்தார். அதுவும் அன்று பின்னேரம் ஒரு சாமத்தியவீடு இருக்கிற நாள். நான் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது.

பேசி முடித்து ஆறிய பிறகு, உங்கள் ஊரில் எப்படி வோட்டுப் போடுவார்கள் என்று இசபெலைக் கேட்டேன். அவள் சோற்றுத் தட்டுகளைத் துடைத்தபடியே சொன்னாள். வாசலில் இரண்டு கார்ட் கொடுப்பார்கள். சேவல் படம் போட்ட மஞ்சள் கார்ட் என்றால் வேண்டும். வெறும் வெள்ளைக் கார்ட் என்றால் வேண்டாம். ஒன்றைப் பெட்டிக்குள் போடவேண்டும். மிஞ்சினதைத் தூதரகத்து அதிகாரியின் கையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதற்கு இரகசிய வாக்கெடுப்பு என்று பெயர்.

"மிஞ்சினது மஞ்சள் எண்டால்?" என்று கேட்டேன்.

"அதுதான் அக்கா. மிஞ்சினது மஞ்சள் எண்டால் எல்லாருக்கும் தெரியும்."

போகாமலே இருக்கலாமே என்றேன். போகாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்கமாட்டார்கள். அது மட்டுமில்லை, அவளுடைய தம்பி பவுலோ அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்கா லண்டனில் வேண்டாம் என்று சொன்னால் தம்பிக்கு அங்கே வேலை இருக்காது. போன தேர்தலில் இவள் மஞ்சளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெள்ளையைத் தன் கையாலேயே அந்த ஆளிடம் கொடுத்தாளாம். அவர் புன்சிரிப்போடு நன்றி சொன்னாராம்.

"அந்த நன்றிதான் இன்னும் என்னைக் கொல்லுது," என்றாள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ஏன் ஏறியது என்று சொல்லவேண்டும். பதினெட்டு வயது முடிந்து, ஊரில் முதல் வோட்டுப் போட என் மாமியின் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். அங்கே போனால் என் வோட்டை ஆரோ ஏற்கனவே போட்டுவிட்டார்கள். கள்ள வோட்டு. எனக்காக இன்னொருத்தி மையும் பூசிக்கொண்டு போய்விட்டாள். நான் அழவில்லை. அந்த மேசையில் இருந்தவரைத் திட்டினேன், அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த கிழமை ஹோலைப் பார்க்கத் தூதரகத்திலிருந்து செக்ரெட்டரி வந்தார். அவர் பெயர் மிக நீளம், அதனால் செக்ரெட்டரி என்றே சொல்கிறேன். நல்ல கோட், நல்ல சப்பாத்து, பழகுவதற்கும் பொல்லாதவர் இல்லை. போன தேர்தலை ஒரு நிலக்கீழ் அறையில் வைத்தார்களாம். ஈரக் கோட்டோடு சனங்கள் வரிசையில் நின்ற படத்தைப் பார்த்துத் தலைநகரத்தில் முகம் சுளித்தார்களாம். இந்தமுறை பார்ப்பதற்கு ஒரு கொண்டாட்டம்போல இருக்கவேண்டும் என்றார்.

எங்கள் ஹோலை எடுத்தால் மேடை, சாப்பாடு, வீடியோ எல்லாம் சேர்த்துத்தான். வீடியோ எடுப்பது நிருஜன். லண்டனில் பாதித் தமிழர்களின் கலியாணத்தை எடுத்தவன். அவன் தன் லாப்டாப்பைத் திறந்து ஒரு கலியாண வீடியோவைச் செக்ரெட்டரிக்குக் காட்டினான். மணவறைக்கு முன்னால் சனம் வரிசையாக ஏறுகிறது. ஒவ்வொருவரும் கையில் காசு வைத்த ஒரு கவரோடு வந்து, மாப்பிள்ளை பொம்பிளையிடம் கொடுத்து, கமராவைப் பார்த்துச் சிரித்து இறங்குகிறார்கள். செக்ரெட்டரி கண் வெட்டாமல் பார்த்தார்.

"இதுபோல வேண்டும். எல்லாரும் மேடையில் ஏறி வோட்டுப் போட வேண்டும்," என்றார்.

எனக்கு அந்த நேரம்தான் பொறி தட்டியது.

"செய்யலாம், சேர். ஆனால் எங்கட மேடையில ஆரும் வெறும் பேப்பரோட ஏறுறேல்ல. பாக்கிறதுக்குப் பிச்சைக்காரத்தனமா இருக்கும். கவரிலதான் குடுக்கவேணும்," என்றேன்.

"கவரா?"

"ஓம். எங்களிட்டை நல்ல கவர் இருக்கு. ஆளுக்கு ரெண்டு. பெட்டிக்குள்ள ஒண்டு, மிஞ்சின கார்ட்டுக்கு ஒண்டு. அதுக்கு மேடையில ஒரு பூக்கூடை வைக்கிறம். வீடியோவில பாருங்கோ, என்ன வடிவா இருக்கும்."

அரக்கு நிறத்தில் பொன் கரை போட்ட கவர் ஒன்றை எடுத்துக் காட்டினேன். மூலையில் பிள்ளையார். இவர் எந்தக் கட்சி என்று செக்ரெட்டரி பகிடியாகக் கேட்டார். இடைஞ்சலை விலத்துகிறவர் என்றேன். அவர் அந்தக் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் முதலே பிடித்துப் பார்த்துவிட்டேன், உள்ளே இருக்கிற நிறம் தெரியாது.

"அப்படியென்றால் நாங்கள் எப்படி..." என்று தொடங்கினார்.

"என்னது சேர்?"

அவர் நிறுத்திவிட்டார். இரகசிய வாக்கெடுப்பு என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னம்தான் எனக்கு விளக்கியிருந்தார். யார் எதைப் போட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு வெளிநாட்டுக்காரியிடம் அவரால் கேட்க ஏலாது. கேட்க வந்ததை மென்று விழுங்கினார். பிறகு தானே தன்னைத் தேற்றிக்கொண்டார். லண்டனில் எங்கள் மக்கள் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, கவரில் போட்டால் என்ன, கையில் போட்டால் என்ன என்றார். நானும் அதுதானே என்றேன்.

விசேஷ வீட்டுக்காரர் எல்லாருக்கும் கொடுப்பதுபோல நிருஜன் அவருக்கும் ஒரு லைவ் லிங்க் கொடுத்தான். விசா கிடைக்காத சொந்தக்காரர்கள் ஊரில் இருந்து பார்ப்பதற்காக எங்கள் கலியாணங்களில் வழக்கமாகச் செய்வது. செக்ரெட்டரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லண்டன் மக்களின் அன்பை நாடே பார்க்கட்டும் என்று அதைக் கட்சியின் இணையப் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார்.

இசபெலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"கவர் நல்லதுதான் அக்கா. ஆனால் எண்ணேக்கை ஒரேயொரு வெள்ளை விழுந்தால்? ஆரெண்டு தேடுவினம். என்ர முகத்தைப் பாத்தாலே பிடிச்சிடுவினம்."

"மற்ற ஆக்களும் போடமாட்டினமோ?"

"ஆரிட்டைக் கேக்கிறது? எங்கட ஆக்களுக்குள்ள ஆர் அவைக்குச் சொல்லுவினம் எண்டு தெரியாது. நாங்கள் ஒருத்தரோட ஒருத்தர் இதைக் கதைக்கிறதே இல்லை."

பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கதைதான். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அரசாங்கத்துக்கு வேறென்ன வேலை. நான் அதற்குமேல் அவளை வற்புறுத்தவில்லை. போகப்போவது என் தம்பியின் வேலை இல்லையே.

தேர்தல் நாள் காலமை சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டத்தை எங்கள் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் வாசலில் வைத்துவிட்டார்கள். செக்ரெட்டரி அதையும் விரும்பினார். மேடையில் சிவப்புத் துணி விரித்து நடுவில் வோட்டுப் பெட்டி, பக்கத்தில் பூக்கூடை. பெட்டிக்கு முன்னால் பெரிய சேவல் படம். எட்டு மணிக்குச் செக்ரெட்டரி பெட்டியைத் திறந்து, வெறுமை என்று கமராவுக்குக் காட்டி, பூட்டி, இதுதான் வாக்குப் பெட்டி, இதில் விழுவதுதான் மக்களின் குரல் என்று ஒரு சின்னப் பேச்சும் பேசினார். மேடைக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய திரையில் அவர் முகம் கலியாண மாப்பிள்ளை முகம்போல விரிந்தது.

பிறகு சனம் வந்தது. நேர்சுமார், பஸ் சாரதிமார், பிள்ளைகளைத் தூக்கிய தாய்மார். வாசலில் இரண்டு கார்டும் இரண்டு கவரும் வாங்கி, ஒவ்வொருவராகப் பொம்பிளை அறைக்குள் போனார்கள். பொம்பிளைக்கு மேக்கப் போடுகிற கண்ணாடி அறை, கதவைச் சாத்தினால் ஒரு ஈகூடப் பார்க்காது. வலது கையில் வோட்டு, இடது கையில் மிச்சம் என்று நான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மேடையில் நிருஜன் தன் வேலையைக் காட்டினான்.

"கவரைக் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ. கமராவைப் பாருங்கோ. சிரியுங்கோ."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே போட்டார்கள். பத்து மணிக்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. பொம்பிளை அறைக்குள் போனவர்கள் கொஞ்சம் கூட நேரம் எடுத்தார்கள். வெளியே வந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு வயதான மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார், கமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.  ஆனால் முகத்தைப் பார்த்து நிறம் சொல்ல நான் சாத்திரக்காரி இல்லை.

இசபெல் பதினொரு மணிபோல வந்தாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அதைக் கண்டதும் எனக்கு மனம் விழுந்துவிட்டது. உள்ளே போனவள் நேரமாகியும் வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பெண் கதவைத் தட்டினாள். இசபெல் வெளியே வந்து மேடையேறி, ஒரு கவரைப் பெட்டிக்குள்ளும் மற்றதைப் பூக்கூடையிலும் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போய், லீவு என்று சொன்னவள், கையுறை போட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

பின்னேரச் சாமத்தியவீட்டுக்காரர் நாலு மணிக்கு ஹோலுக்குள் வந்துவிடுவார்கள் என்று செக்ரெட்டரியை முதலே எச்சரித்திருந்தேன். அதனால் மூன்று மணிக்கு வாக்கெடுப்பை முடித்து எண்ணத் தொடங்கினார்கள். பெலோராவில் ஆறு மணி மட்டும் வாக்கெடுப்பு. அங்கேயும் லண்டன் நேரம்தான். எண்ணுவதை வோட்டுப் போட்டவர்கள் பார்க்கலாம் என்பது அவர்கள் சட்டம், அதனால் சனமும் போகவில்லை. மட்டன் ரோல்சும் ரீயும் கையில் வைத்துக்கொண்டு கதிரைகளில் நிறைந்திருந்தார்கள்.

செக்ரெட்டரி பெட்டியைத் திறந்து முதல் கவரைக் கிழித்தார். மஞ்சள். உயர்த்திக் காட்டினார். சிலர் கை தட்டினார்கள். இரண்டாவதும் மஞ்சள். மூன்றாவது வெள்ளை.

கை தட்டல் நின்றது. அவர் அதை ஒரு மூலையில் தனியாக வைத்தார், தவறிப்போன சாமான்போல. நான் குசினி வாசலைப் பார்த்தேன். இசபெல் ஈரக் கையுறையோடு அங்கே நின்றாள், உதடெல்லாம் வெளிறிப்போய்.

நாலாவதும் வெள்ளை. ஐந்தாவதும் வெள்ளை. அடுத்தது மஞ்சள். பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ரோல்சைக் கடித்தவர்கள் மென்று விழுங்க மறந்தார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். நீயுமா என்று கண்ணாலேயே கேட்டார்கள்.  கவர் முடியும்போது வெள்ளைக் குவியல் மஞ்சளைப்போல மூன்று மடங்கு இருந்தது.

செக்ரெட்டரி எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். குரலைச் செருமினார்.

"ஒரு சிறிய குழப்பம் நடந்துவிட்டது. நம் மக்கள் பெட்டியையும் கூடையையும் மாற்றி விளங்கிக்கொண்டார்கள். உண்மையான வாக்குகள் பூக்கூடையில்தான் இருக்கின்றன. அதையே எண்ணுவோம்."

  இத்தனை வருடமும் தலையைக் குனிந்து பழகிய சனம், மறுபடி குனியத் தொடங்கியதை என் கண்ணால் கண்டேன். கதிரையில் முன்னால் இருந்தவர் ரீக் கோப்பைக்குள் பார்த்தார். என் வோட்டைக் களவெடுத்த மேசை திரும்பவும் என் முன்னாலேயே வந்து நிற்கிறது, அதுவும் நான் துணி விரித்த மேடையில்.

"பொய்," என்றேன். மைக் இல்லாமலே ஹோல் முழுக்கக் கேட்டது. "காலமை எட்டு மணிக்கு நீங்களே பெட்டியைத் திறந்து காட்டினீங்கள். இதுதான் பெட்டி எண்டு நீங்களே சொன்னீங்கள்."

"மேடம், இது எங்கள் நாட்டு விவகாரம்."

"உங்கட நாட்டு விவகாரம்தான். உங்கட நாடு பாத்துக்கொண்டெல்லோ இருக்கு."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. நிருஜன்தான் கமராவுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினான்.

"அன்ரி சொல்லுறது சரி. லைவ் காலமை தொடக்கம் நிப்பாட்டேல்ல. இப்ப ஒன்பதாயிரம் பேருக்கு மேல பாக்கினம்."

சொல்லிவிட்டு, எந்தக் கலியாணத்திலும் தாலி கட்டுகிறதைத் திரும்பப் போட்டுக் காட்டுவதுபோல, காலமைக் காட்சியைப் பெரிய திரையில் போட்டான். செக்ரெட்டரி பெட்டியை வெறுமை என்று காட்டுகிறார். இதில் விழுவதுதான் மக்களின் குரல் என்கிறார். திரையில் இருந்த செக்ரெட்டரி சிரித்தார். மேடையில் இருந்தவர் சிரிக்கவில்லை. லிங்கைக் கட்சியின் பக்கத்தில் போட்டதும் அவரேதான், தன் கையால்.

முன்வரிசையில் ரீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சும்மா நின்றார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். கதிரைகள் பின்னால் தள்ளுப்படும் சத்தம் மட்டும்தான்.

செக்ரெட்டரி கமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.  கடைசியில் கடதாசியை எடுத்து வாசித்தார். வேண்டும், முப்பத்தொன்று. வேண்டாம், நூற்றி எட்டு. கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கேட்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அவர் மறுபடியும் வாசிக்கவேண்டியதாயிற்று.

அதன்பிறகு எழுந்த சத்தம் இருக்கிறதே, எங்கள் ஹோலில் எந்த மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. ஆளை ஆள் கட்டிப்பிடித்தார்கள். இத்தனை காலம் ஒரே தேவாலயத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பயந்தவர்கள் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் ஆரோ முன்பின் தெரியாத ஒரு பஸ் சாரதியைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

இசபெல் குசினி வாசலிலேயே நின்றாள். அவளுடைய போன் அடித்தது. கையுறையைக் கழற்றத் தெரியாமல் பல்லால் இழுத்துக் கழற்றினாள். பவுலோ. எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டாள். அவர்கள் பாஷை எனக்கு விளங்காது, ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"என்னவாம்?" என்றேன்.

"வாத்திமார் எல்லாரும் ஒண்டாய் இருந்து பாத்தவையாம். அங்கை வோட்டெடுப்பு முடிய இன்னும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கிடக்காம்." அவள் மூச்சு வாங்கினாள். "இப்ப வரிசையில நிக்கிறானாம். கார்ட் வாங்கின சனம் வெள்ளையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குதாம். ஒளிக்கிறேல்லையாம்."

"ஐயோ, அவன்ர வேலை?"

"அதைத்தான் நானும் கேட்டனான். எத்தினை பேரை நிப்பாட்டுவினம் எண்டு கேக்கிறான்."

போனில் பவுலோ இன்னும் ஏதோ கேட்டான்.  அவன் திரும்பவும் கேட்டான். நீ எதைப் போட்டாய் என்று கேட்கிறான், அதற்குப் பாஷை தேவையில்லை. மஞ்சள் சட்டையைப் பார்த்துக் காலமை மனம் விழுந்த நான், அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் தன் பாஷையில் ஒரு சொல் சொன்னாள், மிக மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "வெள்ளை, அக்கா," என்றாள்.

அப்போதுதான் நிருஜன் தூரத்திலிருந்து கையை ஆட்டினான். கமரா இன்னும் ஓடுது, உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கு என்று சைகை காட்டினான். பெரிய திரையில் ஈரக் கையோடு நின்ற இசபெலின் முகம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. மேடையில் நின்ற செக்ரெட்டரியும் அதைப் பார்த்தார். நான் அவளை மறைக்க முன்னால் ஓர் அடி வைத்தேன்.

அவள் என்னை ஒரு கையால் விலக்கினாள். கமராவை நேரே பார்த்தாள். தன் முழுப் பெயரையும், பிறந்த ஊரின் பெயரையும் சொன்னாள். பிறகு அந்தச் சொல்லைத் திரும்பவும் சொன்னாள், இந்தமுறை ஹோல் முழுக்கக் கேட்கும்படியாக.